பெண்வேடக்காரர் வீட்டுப் பிள்ளை

அன்புள்ள உத்திரமேரூர் வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம் மகனைப் பற்றித்தான். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டியும் கம்ப்யூட்டரில் 'ஸ்கைரிம்' என்றொரு ஆட்டம் ஆடுகிறான். ஆட்டத்துக்குள் அவன் ஒரு பெண், அதுவும் வாள் ஏந்திய பெண். சடை, கண்ணின் நிறம், கன்னத்துத் தழும்பு எல்லாவற்றையும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பொறுக்கியெடுத்து, அவளுக்குப் பெயரும் வைத்திருக்கிறான். "குடவோலை கண்ட ஊரில் பிறந்த ஆம்பளைப் பிள்ளை செய்கிற வேலையா இது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (எந்தப் பேச்சை எடுத்தாலும் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் பராந்தக சோழன் கல்வெட்டில் கொண்டுவந்து நிறுத்தாமல் உங்கள் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள் போலிருக்கிறது.) கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "எங்கப்பா கூத்தில் பெண்வேடம் கட்டியவர். அது வேற, சாமி காரியம்."

அது வேறா என்பதுதான் கேள்வியே. அதனால் அந்த வரிக்கே பதில் எழுதுகிறேன்.

பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்தவருக்குக் கூத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்து ஜமாக்களில் (கூத்துக் குழுக்களில்) கர்ணன், துரியோதனன், அர்ச்சுனன் எல்லாம் கட்டைவேடம். மரத்தில் செய்து கண்ணாடிச்சில் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மூன்றும் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒல்லி மனிதர்கூடத் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனனாகத்தான் வெளியே வருவார். பெண்வேடக்காரருக்கு அந்த வசதி இல்லை. முகத்தை ஒட்டச் சிரைத்து, அரிதாரம் பூசி, சவுரி வைத்து, புடவை கட்டிக்கொண்டால் அலங்காரம் அவ்வளவுதான். மீதியை உடம்புதான் செய்ய வேண்டும். தோள் இறங்க வேண்டும், எட்டு குறுக வேண்டும், முந்தானையைப் பிடிக்கிற விரல் முரட்டு விரலாகத் தெரியக் கூடாது. முகவீணை என்ற ஊதுகருவி ஏறுகிற சுருதிக்குத் தொண்டையும் ஏற வேண்டும். இதை ராத்திரி பத்து மணி தொடங்கி விடியும்வரை தாங்க வேண்டும்.

பாஞ்சாலியின் சேலையை உரிகிற 'பகடை துகில்' கூத்து நடக்கிற ராத்திரியை நினைத்துப் பாருங்கள். துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுவார்கள், சிலர்மேல் அம்மன் வந்து இறங்கும். காலையில் அதே பாஞ்சாலி முகத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு, லுங்கி கட்டி, டீக்கடையில் பீடி பற்றவைப்பார். நேற்று அழுத பெண்ணும் அந்த வழியாகத்தான் குடத்தோடு போவார். அவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தேதான் அழுதார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

சாமி காரியம் என்றீர்கள். கூத்துக்களத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாடகம் பார்த்த கொட்டகைகளிலும் இது நடந்திருக்கிறதே. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட், அதாவது பெண்வேடம், போடாமல் மேலே வந்த நடிகர்கள் குறைவு. சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையேறியபோது போட்டது சீதை வேடம். டி. கே. சண்முகம் ஔவையார் வேடத்தில் கிழவியாக நடித்துத்தான் 'அவ்வை' சண்முகம் ஆனார். ஓர் ஆணுக்கு ஒரு பாட்டியின் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டதை யாரும் இழிவென்று நினைக்கவில்லை. மறுபக்கம், ஆண்வேடம் கட்டிய கே. பி. சுந்தராம்பாள். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர்தான் நந்தனார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் கேட்டவர்கள் வாய்பிளந்த தொகை. 1941-ல் 'சாவித்திரி'யில் நாரதராக வந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி.

இப்போது உங்கள் பையனின் ஆட்டத்துக்கு வருவோம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய், 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கம்ப்யூட்டர் கிடையாது. காகிதம், பென்சில், பகடை, அவ்வளவுதான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதையைப் பேசியே நடத்துவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். (பகடையில் தொடங்கும் கதை உங்களுக்குப் புதிதல்ல.) 1978-ல் வந்த அதன் விரிவான விதிநூல், பெண் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2011-ல் வெளியான உங்கள் பையனின் ஸ்கைரிமில் ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் வாளின் வீச்சு ஒன்றுதான்.

ஆண்கள் பெண்ணாக ஆடுவது அபூர்வமும் அல்ல. 2014-ல் ஒரு ஆய்வு வெளியானது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்துக்குள் தனியாக ஒரு கதையை அமைத்து, 375 பேரை ஆடவைத்துக் கவனித்தார்கள். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் பாத்திரத்தை எடுத்தார்கள். பெண்களில் ஆண் பாத்திரத்தை எடுத்தவர்கள் 7 சதவீதம்தான். பெண்ணுருவில் ஆடிய ஆண்கள் தட்டச்சில் பேசும்போது கொஞ்சம் நெகிழ்ந்து பேசினார்கள், ஆச்சரியக்குறிகளை அள்ளி வீசினார்கள். நடை மட்டும் மாறவில்லை. ஆண்கள் எந்த உருவத்தில் ஆடினாலும் கூட்டத்திலிருந்து விலகியே நின்றார்கள், அடிக்கடி குதித்தார்கள், பின்பக்கமாக நகர்ந்தார்கள். நாக்கு பெண்ணானது, கால் ஆணாகவே இருந்தது.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பெண்வேடம் கட்ட வருகிற பையனை வாத்தியார் முதலில் திருத்துவது காலைத்தான். கூத்தும் கம்ப்யூட்டர் ஆட்டமும் பிரிகிற இடம் இதுதான் என்பது என் கணிப்பு. உங்கள் அப்பா ஒரு பெண்ணின் கதையைத் தன் உடம்பால் சுமந்தார். பையன் ஒரு பொம்மையை உருட்டிக்கொண்டு போகிறான். "மணிக்கணக்கா ஒரு ஆம்பளை முதுகையே பார்த்துக்கிட்டு ஆடறதுக்கு, ஒரு பொண்ணு முதுகைப் பார்த்துட்டுப் போலாமே" என்பது ஆடுகிற பிள்ளைகள் பலர் சொல்கிற காரணம். அதில் ஆழமும் இல்லை, ஆபத்தும் இல்லை, கொஞ்சம் கண்ணோட்டம் உண்டு. ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடும் பொடியன்களைக் கேட்டால் இன்னும் எளிய பதில் வரும். அதில் கெல்லி என்றொரு பெண் பாத்திரம், மற்றவர்களைவிட வேகமாக ஓடுவாள். வேகம் வேண்டும், அதனால் கெல்லி. வேறொரு வகையினரும் இருக்கிறார்கள். தன்னைப்போல் இல்லாத ஒருத்தி இந்த இக்கட்டில் என்ன செய்வாள் என்று யோசித்து யோசித்துக் கதையை நகர்த்துகிறவர்கள். தழும்பின் இடத்தைக்கூடப் பார்த்துப் பார்த்து வைத்த உங்கள் பையன் இந்த ரகமாக இருக்கலாம். அப்படியானால் அவன் தாத்தாவின் பக்கம்தான் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறான்.

ஆணாக ஆடிய பெண்கள் 7 சதவீதம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆண் பெண்ணாவதை நாம் எப்போதும் ரசித்து வந்திருக்கிறோம். பெண் ராஜாவாவதற்கு மட்டும் ஆயிரம் தடை. உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெருங்கட்டூர் ராஜகோபால், பத்து வயதில் கூத்துக்கு வந்தவர். 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானதில் முன்னின்றவர்களில் ஒருவர். 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவரும் அவர் மனைவி ஹன்னே டி பிரயினும் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் திரௌபதியோடு நிற்கவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, கிறுகிறுவென்று சுற்றி ஆடி ராஜாக்களாக வந்தார்கள். ஆடத் தெரியாமல் யாரும் தயங்கவில்லை. ராத்திரி முழுக்கப் பெண் வெளியூரில் இருப்பதா, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பேச்சுதான் குறுக்கே நின்றது. கல்யாணத்தோடு சலங்கையைக் கழற்றியவர்கள் பலர். குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அங்கே படித்த பெண்களில் சிலர் இன்னும் ஆடுகிறார்கள்.

ஆன்லைன் ஆட்டத்திலும் இதே கதைதான். பெண்கள் ஆண் பெயரிலும் ஆண் உருவிலும் ஆடுவது பெரும்பாலும் ஆசைக்காக அல்ல. மைக்கில் பெண் குரல் கேட்ட மாத்திரத்தில் வந்து விழுகிற ஆபாசத்துக்குப் பயந்து. உங்கள் பையன் ரசனைக்காக எடுத்துக்கொள்கிற சௌகரியத்தை ஒரு பெண் தற்காப்புக்காக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் கவலைப்பட்டே ஆகவேண்டும் என்றால் இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

இன்னொரு கவலையும் நியாயமானது. 'பொண்ணு ஐடி' வைத்துக்கொண்டு, எதிர்முனையில் இருப்பவன் இது உண்மையான பெண் என்று நம்பி ஆட்டத்துக்குள் புழங்கும் டைமண்டும் உடை அலங்காரமும் பரிசாக அனுப்ப, அதைப் பெற்றுக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். அது வேடமல்ல, திருட்டு. பாஞ்சாலி வேடக்காரரைப் பார்த்து ஊர் அழுததற்கும் இதற்கும் நடுவே இருப்பது ஒரே வித்தியாசம்: அங்கே எதிரில் இருந்தவருக்கு உண்மை தெரியும். ஸ்கைரிம் தனியாக ஆடுகிற ஆட்டம், அதில் ஏமாற எதிராளியே கிடையாது. நாலு பேரோடு சேர்ந்து ஆடுகிற ஆட்டங்களில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை மட்டும் விசாரியுங்கள்.

"புத்தி மாறிவிடுமோ" என்று ஓரிடத்தில் எழுதி, கோடு போட்டு அடித்தும் இருக்கிறீர்கள். அடித்த வரியைத்தான் முதலில் படித்தேன். வேடம் கட்டினால் மாறிவிடும் என்றால் உங்கள் அப்பா மாறியிருக்க வேண்டும், நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். சில பிள்ளைகளுக்கு, தான் யார் என்ற கேள்வி ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதைச் சொல்லிப் பார்க்க இந்த மாதிரி ஆட்டம் ஓர் இடம் கொடுக்கும், அதுவும் உண்மை. ஆனால் கேள்வியை ஆட்டம் உண்டாக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கம்ப்யூட்டரைப் பிடுங்குவது அதற்கு மருந்தாகாது. 2008-லேயே திருநங்கைகளுக்கு இந்தியாவில் முதல் நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. சட்டமும் வாரியமும் வீட்டு வாசல்வரைதான் வரும். உள்ளே நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் புகார்களில் நான் முழுசாகச் சேர்ந்துகொள்வது ஒன்றில்தான்: நேரம். கூத்தும் விடிய விடிய நடந்தது, ஆனால் விடிந்தால் மங்களம் பாடிவிடுவார்கள். இந்த ஆட்டங்களுக்கு மங்களம் கிடையாது. ஒரு குகை முடிந்தால் அடுத்த குகை, ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர் என்று ஆளை எழவிடாமல் வைத்திருப்பதுதான் இவற்றின் தொழில்நுட்பம். பெண்ணாக ஆடினாலும் ஆணாக ஆடினாலும் காலை வகுப்பில் தூங்குவான். சண்டை போடுவதென்றால் அதற்குப் போடுங்கள், வேடத்துக்குப் போடாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்வேடக்காரர்களின் பாட்டும் நடையும் பெரும்பாலும் வாத்தியாரிடமிருந்து வாய்வழியாக வந்தவை. அச்சில் இருக்கிற கூத்துப் புத்தகங்களில் வசனம் இருக்கும், தோளை எப்படி இறக்குவது என்பது இருக்காது. பையனிடம் போனும் இருக்கிறது, படம் பிடிக்கவும் தெரியும். இந்த விடுமுறையில் அவனைத் தாத்தாவின் எதிரில் உட்காரவைத்து, அவர் பாடுவதையும் நடந்துகாட்டுவதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த ஜமாவில் ஆடினார், யார் வாத்தியார், எந்தெந்த ஊரில் எந்த வேடம் என்பதையும் அவனே கேட்டு எழுதட்டும். எழுதியதன் நகலை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்