தெளிவெனத் தோன்றுந் திரிவு

அளவை நூல் கற்பிக்கும் ஆசிரியர்கள் காட்சிக்கு உறுங் குற்றங்களுள் ஐயம், திரிவு என்னும் இரண்டையும் எடுத்துரைப்பர். அந்திப்பொழுதில் தூரத்தே நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். கிடக்குங் கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிவு. மாணாக்கர் இவற்றை மனனஞ்செய்து பிழையின்றி ஒப்புவிப்பர். ஆயினும் இவ்விரண்டனுள் எது கொடியது என வினவுவார் அரியர். ஐயமுற்றவன் தான் ஐயுறுகின்றான் என்பதை அறிவான். ஆதலின் கிட்டச் சென்று பார்ப்பான், விளக்குக் கொணர்வான், பிறரை வினாவுவான். திரிவுற்றவனோ தான் தெளிந்துவிட்டதாகவே எண்ணுதலின், விளக்கைத் தேடவேண்டுமென்னும் நினைவும் அவனுக்கு எழாது.

இக்காலத்து உளநூலார் அளவிறந்த தன்னம்பிக்கை என்று பேசுவது பெரும்பாலும் இத்திரிவையேயாம். பிஷ்ஹோஃப், சுலோவிக், லிச்டென்ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 1977ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பொது அறிவு வினாக்களுக்கு விடையிறுப்போர், தத்தம் விடை சரியாயிருத்தற்கு எத்துணை உறுதியுண்டென்பதையும் உடன் கூறுமாறு கேட்கப்பட்டனர். ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லையென அவர்கள் கூறிய விடைகளுள்ளும் பிழைபட்டன பல. அவ்வுறுதியின்மேற் பணயம் வைக்கவும் அவருட் பலர் பின்வாங்கினாரல்லர்.

நமது நாட்டுச் சரித்திரத்தில் இதற்கு ஓர் உதாரணம் வேண்டின், 1931ஆம் ஆண்டின் தேர்தற் பகிஷ்காரத்தை எடுத்துக்கொள்ளலாம். டொனமூர் குழுவினரின் விதப்புரைவழி வந்த அரசியற்றிட்டம், இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் மகளிர் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. பூரண சுயராச்சியத்தை நல்கிற்றில்லை. அதனை ஏற்றல் தகாதென்று யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் நின்றனர். இவர்கள் எளிதில் இகழத்தக்கவரல்லர். ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். பாடசாலையிற் சாதி வேற்றுமையின்றிப் பிள்ளைகளைச் சம ஆசனத்தில் இருத்தல்வேண்டுமென அக்காலத்திலே வாதாடியவரும் இவர்களே. 1931 ஏப்பிரில் மாதத்தில், கமலாதேவி சட்டோபாத்தியாயர் தலைமையிற் கூடிய மகாநாட்டிற் பகிஷ்காரம் தீர்மானமாயிற்று. மே மாதம் 4ஆந் திகதி நியமனப் பத்திரங் கொடுக்கும் நாள் வந்தபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் அபேட்சகர் ஒருவரேனும் முன்வந்திலர். குடாநாட்டளவிற் பகிஷ்காரம் முழுவெற்றி பெற்றது.

வழுவியது யாது? யாழ்ப்பாணம் வழிகாட்டத் தென்னிலங்கையும் பின்தொடரும் என்னும் நம்பிக்கை. தென்னிலங்கை பின்தொடர்ந்திலது. சபைக்குத் தெரியப்படவேண்டிய ஐம்பதின்மருள் நாற்பத்தறுவர் தெரியப்பட்டுத் தம் இடங்களில் அமர்ந்தனர். வெறுமையாய்க் கிடந்தவை நம் நான்கு இடங்களே.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ‘சுயராச்சியமே தக்கது’ என்பது ஒரு துணிபு. ‘ஏனையோரும் நம்முடன் வருவர்’ என்பது வேறொரு துணிபு. முன்னையது நீதியைப் பற்றியது. அதனை ஒருவன் தன் நெஞ்சொடு உசாவித் தெளியலாம். பின்னையது பிறர் செய்கையைப் பற்றிய கருதல்; அதற்கு ஏது வேண்டும். தக்க ஏது இல்லாவிடத்தும், முன்னைத் துணிபின் வெப்பம் பின்னைத் துணிபிற் பரவி அதனையும் உறுதிபோலக் காட்டுகின்றது. நோக்கம் எவ்வளவு தூயதோ அவ்வளவு எளிதாக இம்மயக்கம் நிகழும். தன்னலக்காரன் தன் கணக்கைப் பலமுறை சரிபார்ப்பான். நல்லோனுக்கோ தன் கணக்கை ஐயுறுதல் தன் கொள்கையையே ஐயுறுதல்போலத் தோன்றும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து ‘அவர்கள் வாராவிடின் என் செய்வது’ என வினவினால், அவரைக் கொள்கைப் பற்றில்லாதவர் என்றே பலரும் கருதிவிடுவர்.

இதனால் வந்த இழப்பு ஆசிரியர்க்கு நெருங்கியது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து கருமமாற்றியது. அவற்றுள் ஒன்று கல்விக் குழு, தலைவர் கன்னங்கரா. 1934ஆம் ஆண்டில் இடைத்தேர்தல் நடந்து நான்கு இடங்களும் நிரம்புமளவும், பள்ளிக்கூடக் காரியங்களை ஆராய்ந்த அக்குழுவிற் குடாநாட்டார் தெரிந்தனுப்பிய பிரதிநிதி ஒருவர்தானும் இருந்திலர். முதல் மந்திரி சபை எழுவருள் இலங்கைத் தமிழர் எவரும் இலர்.

முடிவை அறிந்தபின் ‘இஃது அன்றே வெளிப்படையன்றோ’ என நகைப்பாரும் உளர். அவரும் திரிவுற்றவரேயாவர். தென்னிலங்கைத் தலைவர் சிலரும் அத்திட்டத்தைக் குறைகூறியிருந்தனர். ஆதலின் ஏப்பிரில் மாதத்தில் நின்று நோக்குவார்க்கு அந்நம்பிக்கை முற்றும் ஆதாரமற்றதாகத் தோன்றியிராது. ஆதாரஞ் சிறிதாயிருக்க உறுதி பெரிதாயிருந்ததே குற்றம் என்பது எமது கருத்து.

இனி வகுப்பறையை நோக்குவோம். வினாவெழுந்தவுடன் கையுயர்த்தி உரத்த குரலில் விடை சொல்லும் பிள்ளையை நாம் மெச்சுகின்றோம். ‘இவ்வாறு நினைக்கின்றேன், ஆனால் உறுதியில்லை’ என்னும் பிள்ளையைப் ‘படித்துக்கொண்டு வா’ என்று இருத்திவிடுகின்றோம். குரலின் திண்மையே அறிவின் திண்மை என்னும் பாடம் இங்ஙனம் நம்மாலேயே புகட்டப்படுகின்றது. ஐயம் நீங்குகின்றதில்லை, ஒளிக்கப்படுகின்றது.

மாற்றுவழி அரிதன்று. பத்து வினாக் கொடுத்து, ஒவ்வொரு விடையின் அருகிலும் ‘உறுதி’, ‘ஏறக்குறைய’, ‘ஐயம்’ என்பவற்றுள் ஒன்றைப் பிள்ளைகள் எழுதுக. திருத்தும்போது ‘உறுதி’ என்று எழுதிப் பிழைத்தவை எத்தனை என ஒவ்வொரு பிள்ளையும் தானே எண்ணிக்கொள்க. இதற்குப் புள்ளி குறைத்தலாகாது. குறைப்பின் எல்லாவற்றிற்கும் ‘ஐயம்’ என்றெழுதித் தப்புவார்கள், பிள்ளைகள் நம்மினும் சமர்த்தர். மேல்வகுப்பார்க்கு வேறொரு பயிற்சியுண்டு. காரி கிளைன் என்னும் உளநூலார் 2007ஆம் ஆண்டில் எழுதியபடி, ஒரு திட்டத்தைத் தொடங்குமுன் அது தோற்றுவிட்டதாகவே பாவித்துத் தோற்றதற்குக் காரணங்களை ஒவ்வொருவரும் எழுதுவது அது. ஐயுறுதலை அங்கே எல்லார்க்கும் கடமையாக்கிவிடுதலின், எவரும் பற்றிலார் என்னும் பழிக்கு ஆளாகார்.

பகிஷ்காரப் பாடத்தையும் இவ்வாறே நடத்தலாம். ஏப்பிரில் மகாநாடு வரையிலான செய்திகளை மட்டும் உரைத்துப் புத்தகத்தை மூடச்செய்க. இலங்கையின் ஐம்பது தொகுதிகளுள் எத்தனை வெறுமையாய்க் கிடக்கும் என்பதை ஏதுவுடன் ஒவ்வொருவரும் எழுதிப் பெயரிட்டு மடித்துத் தருக. மே மாதச் செய்தியை மறுநாள் வாசித்தபின் அம்மடிப்புக்களைப் பிரிக்கலாம்.