எண்ணப்படுவதும் ஓர் அமானிதம்



படைப்புகள் அனைத்தையும் அல்லாஹ் துல்லியமாக எண்ணி வைத்திருக்கிறான் என்று சூரத்து மர்யமின் இறுதிப் பகுதி நமக்குச் சொல்கிறது. அவனுடைய கணக்கில் எவரும் விடுபடுவதில்லை. மனிதர்களின் கணக்கில்தான் விடுபடுகிறார்கள்.

இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 1500 ஆண்களின் பெயர்களை எழுதியதாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. உமர் (ரலி) அவர்கள் திவான் எனும் பதிவேட்டை ஏற்படுத்தி, அதன்படியே மக்களுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே முதலில் தொகை என்றிருந்தது. அதற்காகத் தாய்மார்கள் அவசரமாகப் பாலை நிறுத்துவதை அறிந்ததும், பிறந்த குழந்தைக்கே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் உரிமை வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் 2011க்குப் பிறகு இப்போதுதான் கணக்கெடுப்பு நடக்கிறது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீடுகளைப் பட்டியலிடும் பணி. 2027 பிப்ரவரியில் மக்களை எண்ணும் பணி. இம்முறை சாதியும் கேட்கப்படும்.

சகோதரர்களே! 2011இல் ஒரு வீட்டில் மாற்றுத்திறனாளியான மகளைச் சொல்லாமலேயே விட்டார்கள். "வெளியே தெரிந்தால் மற்ற பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தடைபடும் ஹஜ்ரத்" என்றார் தந்தை. அல்லாஹ் எண்ணி வைத்த ஒரு பிள்ளையை நாம் எண்ணாமல் விடலாமா?

"சொன்ன விவரம் நமக்கு எதிராகத் திரும்புமோ?" என்று அஞ்சுவோரும் உண்டு. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவில், தனிநபர் விவரங்களை எவரும் பார்வையிடவோ சாட்சியமாக ஏற்கவோ இடமில்லை என்கிறது. பதில் சொல்வதும் அதே சட்டப்படி கடமை.

எனவே, கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் பாட்டி வரை அனைவரையும் சொல்லுங்கள். இல்லாதவரைச் சேர்க்காதீர்கள், அது பொய். தாய்மொழி தமிழென்றால் தமிழ், உர்தூ என்றால் உர்தூ என்றே சொல்லுங்கள். மார்க்கத்தில் பிறப்பால் உயர்வு தாழ்வு கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு லெப்பை, தக்னி, ஷேக், சையத் போன்ற பிரிவுகளின் பெயரில்தான் இருக்கிறது. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடங்குவர். ஆகவே சாதிச் சான்றிதழில் உள்ளபடியே சொல்லுங்கள்.

படித்த இளைஞர்களே, உங்கள் தெருவிலுள்ள முதியவர்களுக்குத் துணை நில்லுங்கள். உண்மை சொல்லும் நாவையும், எவரையும் மறவாத உள்ளத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.