மலைப்பாதையும் ஓர் அரைவட்டத் தகடும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர் கட்டுரை)

இயந்திரம் என்றவுடன் பெரிய சக்கரங்களும் பேரோசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓர் இயந்திரத்தின் ஆயுளை முடிவு செய்பவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத சின்னஞ்சிறு இடைவெளிகளே. வெப்ப விரிவு, உராய்வு, விசை என்று வகுப்பறையில் நாம் தனித்தனியே படிக்கும் பாடங்கள் ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஒன்றுகூடி வேலை செய்வதை நான் ஏற்காட்டை அடுத்த கிளியூரில், என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கண்டேன். அங்கே கற்றதையும், நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லவே இக்கட்டுரை.

பந்தயக் காரின் உடன்பிறப்பு

பெரியப்பாவிடம் இருப்பது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தயாரித்தனர். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி இங்கிலாந்தில் 1962இல் உருவாக்கியதுதான் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விளையாட்டுக் கார். இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலொட்டி. நம் நாட்டுச் சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

இவற்றின் இயந்திரங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 76 மில்லிமீட்டர். அதை மாற்றாமல், சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே சென்றார்கள். 1953இல் 58 மி.மீ. விட்டத்துடன் 803 கன செ.மீ.; ஹெரால்டில் 63 மி.மீ., 948 கன செ.மீ.; முதல் ஸ்பிட்ஃபயரில் 69.3 மி.மீ., 1147 கன செ.மீ. உருளையின் கன அளவுக்கான சூத்திரத்தில் இட்டு, நான்கு சிலிண்டருக்கும் பெருக்கிப் பாருங்கள். விடை சரியாக வரும். ஆகவே ஹெரால்டின் இயந்திரத்தைப் பிரித்துக் கோத்தவன், ஒரு விளையாட்டுக் காரின் இயந்திரத்தையே பாதி அறிந்தவன் ஆகிறான்.

வீட்டிலேயே வேலை செய்ய இந்தக் கார் ஏற்றது. முன்பக்க மூடி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்துவிடும். இயந்திரம் மூன்று பக்கமும் திறந்த வெளியில் நிற்கும். கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி, இரண்டு பேர் தூக்கி இறக்கினோம்.

கழற்றுவதும் ஒரு பாடம்

கழற்றும் போதே எண் இட வேண்டும். கனெக்டிங் ராடும் அதன் அடிமூடியும் ஒன்றாகச் சேர்த்துக் கடைந்தவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்குப் போட்டால் வட்டம் வட்டமாக இராது. வால்வு, டாப்பெட், புஷ்ராடு ஒவ்வொன்றும் தான் தேய்ந்து பழகிய இடத்திற்கே திரும்ப வேண்டும். பெரியப்பா ஓர் அட்டையில் துளையிட்டு, வரிசைப்படி செருகி வைத்தார்.

அடுத்து அளவு. பட்டறைகளில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தௌ' என்பார்கள், அது 0.0254 மி.மீ. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் டயல் கேஜால் அளந்தோம். மேற்பகுதியிலேதான் தேய்மானம் மிகுதி. எரியும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் அங்கே அதிகம், எண்ணெயோ குறைவு. எங்கள் இயந்திரத்தில் ஓரிடத்தில் ஒன்பது தௌ தேய்ந்திருந்தது. இந்நிலையில் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சேலத்துக்கு அனுப்பி, இருபது தௌ பெரிதாகப் போர் அடித்து, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கினோம்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி எதற்கு? சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை. நம் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் ஒரு காலத்தில் எடுத்தார்களே, அதே அலுமினியம். 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 63 மி.மீ. அலுமினியம் ஏறத்தாழ 0.145 மி.மீ. விரியும், இரும்போ 0.07 மி.மீ. மட்டுமே. வேற்றுமை மூன்று தௌ. அதற்கு இடம் விடாவிட்டால் ஏற்றத்தின் நடுவே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மலை வாகனத்தின் மறைவான நோய்

இந்த இயந்திரக் குடும்பத்திற்கு ஒரு பலவீனம் உண்டு. கிளட்சை மிதிக்கும் போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அத்தள்ளலைத் தாங்குபவை, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு மருங்கிலும் செருகிய அரைவட்டத் தகடுகள் இரண்டே. சமவெளியில் நெடுந்தூரம் ஒரே கியரில் போகலாம். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், வளைவுதோறும் கியர் மாற்றம், மாற்றந்தோறும் கிளட்சு. தேய்மானம் மலையில் மிகுதி என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி நாலு தௌவுக்குக் குறையவும் எட்டு தௌவுக்கு மேற்படவும் கூடாது. மிகுந்தால் பின்தகடு மெலிந்து, தன் இடத்திலிருந்து நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு எஃகுக் கிராங்க் நேராக இயந்திர உடலையே அரைக்கும். புதுத் தகடு பொருத்துகையில் எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கை நோக்கியிருக்க வேண்டும். இயந்திரத்தைக் கழற்றாமலும் இதைச் சோதிக்கலாம்: இயந்திரத்தை நிறுத்தி வைத்து, ஒருவர் கிளட்சை மிதித்து விட, மற்றவர் முன்புறக் கப்பியில் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் போதும்.

நான் செய்த தவறு

விடுமுறை முடியும் தறுவாய். கிராங்கைப் பொருத்தும் வேலை என்னுடையது. பழைய தகடுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, அவற்றையே செருகினேன். "இடைவெளி பார்த்தியா?" என்று பெரியப்பா கேட்டார். "பார்த்தேன்" என்றேன். பார்க்கவில்லை. ஃபீலர் கேஜ் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

மூன்று மாதம் ஓடியது. மிளகு விற்கச் சேலம் சென்று திரும்பும் வழியில், பதினான்காம் வளைவில் கிளட்சை மிதித்ததும் கரகரவென்று ஓர் அரைப்பு ஓசை. பெரியப்பா அங்கேயே நிறுத்திவிட்டார். லாரியில் கட்டி இழுத்து வந்து, அடியிலிருந்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினோம். கசடுக்குள் கிடந்தது அந்த அரைவட்டத் தகடு, ஓரம் கத்திபோல் மெலிந்து. கிராங்கை நெம்பினால் கண்ணுக்குத் தெரியவே ஆடியது.

உடனே நிறுத்தியதால் இயந்திர உடல் சிறிதளவே தேய்ந்திருந்தது. ஸ்பிட்ஃபயர் அபிமானிகள் பொருட்டு இங்கிலாந்தில் இன்றும் செய்கிற, அளவில் சற்றே தடித்த தகடுகளை வரவழைத்துப் பொருத்தினோம். மிளகுப் பணத்தில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. நான் உண்மையைச் சொன்னபோது பெரியப்பா கடிந்துகொள்ளவில்லை. "பார்க்கலீன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே அளந்திருக்கலாமே, கண்ணு" என்று மட்டும் சொல்லி, தேய்ந்த தகட்டை என் கையில் வைத்தார்.

இம்முறை நானே அளந்தேன், ஆறு தௌ. குறிப்பேட்டில் தேதியோடு எழுதினேன். மறுவாரம் பெரியப்பா என்னையே ஓட்டச் சொன்னார். இருபது வளைவுகளையும் அவர் பேசாமலே எண்ணிக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் முதல் வேலையாகக் கப்பியில் கேஜை வைக்கச் சொன்னார். ஆறு தௌதான்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் அளவீட்டை எடுக்காமலே விடையை ஒட்டி எண்களை நிரப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அங்கே இழப்பது இரண்டு மதிப்பெண். பதினான்காம் வளைவில் வண்டியில் இருப்பவர் நம் வீட்டார். அந்தத் தகடு இப்போது என் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் மேல் கனமாக இருக்கிறது.