புது ஃபிரிட்ஜுக்குப் பதில் பழைய ஃபிரிட்ஜா?

கேள்வி: நான் தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 16 வருடம் ஓடிய எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோனதால், சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் கட்டி, இங்குள்ள ஷோரூமில் 34,500 ரூபாய்க்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கித் தந்தான். பில் அவன் பெயரில் இருக்கிறது. நாலாம் மாதமே கீழ்த்தட்டில் குளிர்ச்சி இல்லை. பால் திரிந்துவிடுகிறது. என் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறேன். மெக்கானிக் மூன்று முறை வந்தார். முதலில் கேஸ் போட்டார், அப்புறம் போர்டு மாற்றினார், மூன்றாம் முறை ‘உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது கம்பெனி வேறொரு ஃபிரிட்ஜ் தருகிறேன் என்கிறது. ஆனால் அது ‘ரீஃபர்பிஷ்டு’, அட்டைப்பெட்டி இல்லாமல் வருமாம். வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஷோரூமில் கேட்டால் ‘விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது’ என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? வாஷிங் மெஷினும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. அதையாவது ஏமாறாமல் வாங்க வழி உண்டா?

- தஞ்சாவூர் வாசகி

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. இப்படிப்பட்ட தாள்களில் ‘என் குறை முழுமையாகத் தீர்ந்தது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நாளை அந்தப் பழைய இயந்திரமும் நின்றுபோனால், உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படுவது அந்தத் தாள்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பொருளில் குறைபாடு நிரூபணமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்னென்ன உத்தரவிடலாம் என்பதைப் பிரிவு 39 சொல்கிறது. குறையை நீக்கச் சொல்லலாம். அதே வகையைச் சேர்ந்த, குறையில்லாத புதிய பொருளைத் தரச் சொல்லலாம். கட்டிய விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம். இவற்றோடு நஷ்டஈடும் வழங்கலாம். ‘புதிய பொருள்’ என்பது சட்டத்தின் வாசகம். வேறொருவர் திருப்பிக் கொடுத்ததைப் பழுதுபார்த்துத் துடைத்துத் தருவது அதில் அடங்காது. நீங்களாக விரும்பி ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது செல்லும்.

பில் மகன் பெயரில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7) சொல்கிறது. மகன் வாங்கித் தந்த விவரத்தை மனுவில் ஒரு வரி எழுதி, அவரிடமிருந்து ஒரு கடிதமும் பெற்று இணைத்துவிடுங்கள். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே புகார் கொடுக்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. வழக்கறிஞரான நானே சொல்கிறேன், இந்த அளவுள்ள வழக்கை நீங்களே நடத்தலாம்.

ஷோரூம்காரர் சொல்வது சரியல்ல. உங்கள் மகனிடம் பணம் வாங்கியதும் பில் போட்டதும் அவர்தான். வாங்குபவரின் தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற மறைமுக நிபந்தனைகளை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே வைத்திருக்கிறது. ஆகவே கம்பெனியை முதல் எதிர்த்தரப்பாகவும் ஷோரூமை இரண்டாம் எதிர்த்தரப்பாகவும் சேர்த்தே நோட்டீஸ் அனுப்புங்கள்.

இனி, கம்பெனியின் வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ‘பழுதான பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான் வாரண்டி அட்டை சொல்கிறது, முழுப் பொருளையும் மாற்றித் தருவோம் என்று சொல்லவில்லை’ என்பார். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் என்ற கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் அளித்த தீர்ப்பையும் காட்டுவார். அந்த வழக்கில் வாரண்டியின் வாசகம் பாகத்தை மாற்றுவதோடு நின்றதால், காரையே மாற்றித் தரும்படி இட்ட உத்தரவு நிலைக்கவில்லை. இதைத் தாண்ட ஒரே வழி, இது ஒரு பாகத்தின் பழுது அல்ல, தயாரிப்பிலேயே உள்ள குறைபாடு என்று காட்டுவதுதான். அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது, மெக்கானிக் ஒவ்வொரு முறையும் புகாரையும் செய்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் ஷீட்.

மெக்கானிக் வந்துபோன மூன்று முறையும் ஜாப் ஷீட் வாங்கினீர்களா? ‘குளிர்ச்சி இல்லை’ என்ற ஒரே புகார் மூன்று தாளிலும், மூன்று வெவ்வேறு தேதிகளில் பதிவாகியிருந்தால் வழக்கின் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண்களையும் ஒவ்வொரு வருகையின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். இன்னொன்றும் முக்கியம். வேலை முடிந்ததும் மெக்கானிக் ஓ.டி.பி. கேட்பார். அதைச் சொன்ன நிமிடமே ‘குறை தீர்ந்தது, வாடிக்கையாளர் திருப்தி’ என்று கணினியில் புகார் மூடப்பட்டுவிடும். ஃபிரிட்ஜ் குளிர்கிறதா என்பது ஒரு நாள் ஓடிய பிறகுதான் தெரியும். அதுவரை அந்த எண்ணைத் தராதீர்கள். அவர் வற்புறுத்தினால், ‘பழுது நீங்கியதா என்பது இன்னும் உறுதியாகவில்லை’ என்று ஜாப் ஷீட்டில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் என்ற காரணத்தை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். மீட்டர் வைத்து அளந்தாரா, அளவு எவ்வளவு காட்டியது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் வோல்டேஜைச் சோதிக்கக் கோரி ஒரு மனு கொடுங்கள். அவர்கள் தரும் பதில் உங்களுக்குச் சான்று. ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லாமல்போவதும் சட்டத்தின் பார்வையில் குறைபாடுதான். ஆணையத்தில் கம்பெனி பழுதை மறுத்தால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பப் பிரிவு 38 வழி செய்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும்.

வரிசை இதுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல. ஆனாலும் பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. அதே நேரத்தில் 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். புதிய ஃபிரிட்ஜ் வேண்டும், இல்லையேல் 34,500 ரூபாயும் வட்டியும் வேண்டும் என்று கேளுங்கள். இன்சுலின் ஏதும் வீணாகி, மருந்துக்கடை ரசீதும் இருந்தால் அந்தத் தொகையையும் சேருங்கள். உங்கள் உடல்நிலைக்கு அந்தக் குளிர்ச்சி அத்தியாவசியம் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். ஒரு நோயாளியை இன்சுலினுக்காகப் பக்கத்து வீட்டுக்கு அலையவிடும் சேவைக் குறைபாட்டை ஆணையம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. பதில் இல்லையென்றால் மாவட்ட ஆணையத்தில் நேரிலோ, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ புகார் கொடுக்கலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆய்வு தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் முயலச் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

புதிய ஃபிரிட்ஜே தர முன்வந்தால், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். மாற்றித் தந்த பொருளுக்குப் பழைய வாரண்டியின் மீதி நாள்கள் மட்டுமே என்று பல அட்டைகளில் இருக்கிறது.

இனி வாஷிங் மெஷின். எந்தக் கம்பெனி நல்லது என்று என்னால் சொல்ல இயலாது, எல்லாக் கம்பெனிப் பெயர்களும் நுகர்வோர் ஆணையத்துக்கு வருகின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நட்சத்திர முத்திரை மின் சிக்கனத்தைச் சொல்லும், இயந்திரத்தின் ஆயுளைச் சொல்லாது. முத்திரையில் அச்சான காலத்தையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய வருடத்து நாலு நட்சத்திரமும் புதிய வருடத்து நாலு நட்சத்திரமும் ஒன்றல்ல. தள்ளுபடியில் தள்ளப்படுவது பெரும்பாலும் பழைய சரக்கு. அட்டைப்பெட்டியில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும், படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

‘10 வருட வாரண்டி’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் எதற்கு 10 வருடம் என்று கேளுங்கள். ஃபிரிட்ஜில் அது கம்ப்ரஸருக்கு, வாஷிங் மெஷினில் மோட்டாருக்கு. போர்டு, கேஸ், கூலி இவை பெரும்பாலும் முதல் வருடத்தோடு நின்றுவிடும். அடிக்கடி பழுதாவது போர்டு என்பது உங்கள் அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். கூடுதல் பணம் கேட்கும் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயர் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், பழுது வந்தபின் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது. வாரண்டியை, வாங்கிய நாளிலிருந்து அல்லாமல் வீட்டில் பொருத்திய நாளிலிருந்து கணக்கிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பொருத்திய தேதியைக் கார்டில் எழுதிக் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தஞ்சாவூரிலேயே அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் உண்டா, உதிரிபாகம் அங்கேயே கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்க 2020 மின்வணிக விதிகள்படி விற்பவருக்கு உரிமை இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் நோட்டீஸை முதல் வருட வாரண்டி முடிவதற்குள், முடிந்தால் இந்த வாரமே அனுப்புங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் நகல்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆணையத்துக்கான புகார் மனுவை எப்படி எழுதுவது என்று வரிக்கு வரி சொல்லித் தருகிறேன்.