ஜப்பான் கோடையில் பிள்ளைகளோடு

ஜூலை பிற்பாதியில் பள்ளி மூடினால், பல ஊர்களில் ஆகஸ்ட் கடைசி வரை பிள்ளைகள் வீட்டில்தான். வெயிலோடு புழுக்கமும் சேரும்.

● காலை 6.30-க்கு வானொலி உடற்பயிற்சி ஒலிபரப்பாகும். பக்கத்துப் பூங்காவில் அதைக் கூடிச் செய்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

● முகிச்சா எனும் வறுத்த பார்லி பானத்தில் காஃபீன் இல்லை. பொட்டலத்தை இரவே தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் பாட்டிலில் ஊற்றித் தரலாம்.

● மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சோறு ஆறியபின் மூடுங்கள். மூடியில் ஆவி வேர்த்தால் சீக்கிரம் ஊசிப்போகும்.

● வெப்பத்தாக்கு எச்சரிக்கை வந்த நாளில் மின்கட்டணம் பார்த்து ஏசியை அணைக்காதீர்கள்.

● இரவில் காய்ச்சலா? #8000-இல் குழந்தை மருத்துவ ஆலோசனை கேட்கலாம். பிள்ளை மயங்கினால் தாமதிக்காமல் 119-ஐ அழையுங்கள்.