சாயம் போலப் பூசும் சூரியக் கலம்

சோலர் தகட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதன் கருநீலச் சில்லுகள் சிலிக்கன். சிலிக்கனை உருக்க 1,414 பாகை சூடு வேண்டும். அந்தச் சூளையே இல்லாமல், ஒரு திரவத்தைப் பூசிக் காயவைத்துச் சூரியக் கலம் செய்ய முடியுமா? முடியும்.

அந்தத் திரவத்தில் மிதப்பவை குறைகடத்திப் பளிங்கு மணிகள். ஈயமும் கந்தகமும் சேர்ந்த ஈய சல்பைட்டு அதில் ஒரு வகை. தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மணி. நம்ம ஃபெக்டரியில் ஒரே கொழுந்தைத்தான் சலித்துப் பிரிக்கிறோம். ஆனா டஸ்ட் தரும் சாயம் வேறு, பெரிய இலை தரும் சாயம் வேறு. இங்கேயும் சரக்கு ஒன்றுதான், மணியின் பருமன் மாறினால் அது பிடிக்கும் ஒளி மாறுகிறது. சிலிக்கன் தவறவிடும் செந்நிறக்கீழ்க் கதிரைக்கூடப் பிடிக்கச் செய்யலாம். இத்தகைய மணிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகவே 2023இல் பவெண்டி, புரூஸ், எகிமொவ் என்ற மூவருக்கு இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் வேறு இடத்தில். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, ஒலிவ் எண்ணெயில் உள்ள ஒலெயிக் அமிலத்தால் அவற்றைப் போர்த்துகிறார்கள். அந்தப் போர்வை இல்லாட்டி திரவமே இல்லை. பூசிய பிறகோ அதுதான் இடைஞ்சல்: இலத்திரன் ஒரு மணியிலிருந்து அடுத்ததுக்குத் தாவ முடியாது. சும்மா உரித்துவிட்டால் மேற்பரப்பில் குழிகள் விழுந்து இலத்திரன்கள் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் நீண்ட போர்வையை எடுத்து, அயடீன் போன்ற குட்டையான ஒன்றை வைக்கிறார்கள். பல வருட ஆராய்ச்சி இந்த மாற்றத்திலேயே போயிருக்கிறது.

பலன் என்ன? 2014இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் சாதாரண அறைச் சூட்டில், திறந்த காற்றில் செய்த ஈய சல்பைட்டுக் கலம் 8.55 வீதம் வினைத்திறன் காட்டியது. மூடாமல் 150 நாள் வைத்தும் குறையவில்லை. 2024இல் தென்கொரியாவின் உல்சானில் பெரோவ்ஸ்கைட்டு என்ற வேறு வகை மணிகளால் 18.1 வீதம் கிடைத்தது. கடையில் விற்கும் நல்ல சிலிக்கன் தகடு 20 வீதத்துக்குச் சற்று மேல். ஆனா இந்த 18.1 ஆய்வுகூடத்துச் சின்னத் துண்டில் வந்த கணக்கு.

இன்னொன்று, இவற்றில் ஈயம் இருக்கிறது. உடைந்தால் மழைத் தண்ணியோடு பீலிக்குப் போகக்கூடாது. பிள்ளைங்களுக்கு அது நஞ்சு. அதைக் கசியாமல் மூடும் வழி உறுதியாகாமல் லயத்துக் கூரைக்கு இது வருவதை நாங்கள் விரும்பமாட்டோம். இப்போ வெளிச்சத்துக்குத் தகடு வாங்க இருக்கிறவங்க இதற்காகக் காத்திருக்க வேண்டாம், சிலிக்கனையே வாங்குங்க.