ஹாஸ்பிஸ்: கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும்?



சென்ற இதழில் உயில், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் ஆகியவை பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சில குடும்பத்தினர் எங்களிடம் பேசினார்கள். எல்லோருடைய கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஹாஸ்பிஸ் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, ஏழெட்டுப் பெயர்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இதில் எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" நியாயமான கேள்வி. ஒரு கார் வாங்க மூன்று மாதம் விசாரிக்கிறவர்கள் நாம். அம்மா அப்பாவின் கடைசி நாட்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களையோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பார்ப்போம்.

முதலில் அடிப்படை. ஹாஸ்பிஸ் என்றதும் பலர் ஏதோ ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அது பெரும்பாலும் வீட்டுக்கே வந்துபோகும் ஒரு குழு: டாக்டர், நர்ஸ், குளிப்பாட்டித் துடைத்துவிடும் உதவியாளர், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர், தொண்டர்கள். மெடிகேர் 1983-லிருந்து இதற்குப் பணம் கொடுத்து வருகிறது. நோய் தன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்று இரண்டு டாக்டர்கள் சான்று தர வேண்டும். முதலில் 90 நாட்களாக இரண்டு தவணை, பிறகு 60 நாட்களாக எத்தனை தவணை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். எனவே ஆறு மாதம் முடிந்ததும் கைவிட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. நோய்க்கான மருந்து, கட்டில், ஆக்சிஜன், சக்கர நாற்காலி எல்லாம் இதில் அடக்கம். வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கான மருந்துச் சீட்டு ஒன்றுக்கு 5 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது.

இதில் அடங்காதது ஒன்று உண்டு. அதில்தான் நம் வீடுகளில் பெரிய ஏமாற்றம் வருகிறது. நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் தர மாட்டார்கள். நர்ஸ் வாரத்தில் சில முறை வருவார், உதவியாளர் சில முறை வருவார், மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லாமல் "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்கிற நிறுவனத்தைச் சற்று எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு மெடிகேர் உண்டா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 65 வயது நிறைந்து, இங்கே தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்தவர்கள் மாதக் கட்டணம் கட்டிச் சேரலாம். ஹாஸ்பிஸை உள்ளடக்கிய 'ஏ' பகுதியின் முழுக் கட்டணம் மட்டும் மாதம் 500 டாலரைத் தாண்டுகிறது. பிள்ளைகள் கட்டிய வரி பெற்றோரின் கணக்கில் சேராது.

இரவு இரண்டு மணிக் கேள்வி

எல்லா ஹாஸ்பிஸும் அழகான புத்தகம் ஒன்று கொடுக்கும். கனிவாகப் பேசும் ஒருவர் வந்து கையெழுத்து வாங்குவார். அவர் பெரும்பாலும் சேர்ப்பதற்கென்று இருக்கும் ஊழியர். பிறகு உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் வேறு. எனவே பகல் நேரப் பேச்சை வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடுவதில் பயனில்லை. இரவிலும் சனி ஞாயிறிலும் அவர்கள் எப்படி என்பதுதான் கேள்வி.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கட்டில் வந்துவிட்டது, மருந்து வரவில்லை. சனிக்கிழமை இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டால், செய்தி எடுத்துக்கொள்ளும் சேவை ஒன்று பேசியது. நர்ஸ் திரும்பக் கூப்பிட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் இருந்ததோ 60 மைல் தொலைவில். மகன் வேறு வழியில்லாமல் 911-ஐ அழைத்தார். வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்த அவசரப் பிரிவிலேயே அவருடைய கடைசி இரண்டு நாட்கள் கழிந்தன. அந்த நிறுவனத்தின் புத்தகத்திலும் '24 மணி நேர சேவை' என்றுதான் அச்சிட்டிருந்தது. அது பொய்யும் அல்ல. தொலைபேசி 24 மணி நேரமும் எடுக்கப்பட்டது!

ஆகவே இப்படிக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் போனை எடுப்பது நர்ஸா, வேறு யாராவதா? நேரில் வர வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இரவில் அவருடைய பொறுப்பில் எத்தனை நோயாளிகள்? அவசர மருந்துப் பெட்டி இன்று இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடுமா? "விரைவில் வருவோம்" என்பது பதில் அல்ல. "வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள்" என்பது பதில். முடிந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு ஞாயிறு இரவு அந்த எண்ணை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. மெடிகேர் இணையதளத்தில் 'கேர் கம்பேர்' என்ற பகுதியில் உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் ஹாஸ்பிஸ்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பல எண்கள் இருக்கும், எல்லாவற்றையும் படித்துக் குழம்ப வேண்டாம். உயிர் பிரிவதற்கு முந்தைய மூன்று நாட்களில் இரண்டு நாட்களிலாவது நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தது எத்தனை சதவீதம் பேருக்கு என்று ஒரு எண் உண்டு. நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தது 10-க்கு இத்தனை என்று தரப்படும் பராமரிப்புக் குறியீடு. வார இறுதியில் நர்ஸ் வருகிறாரா, இரண்டு வருகைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுகிறதா, நோயாளிகள் உயிரோடு இருக்கும்போதே அதிக அளவில் வெளியேற்றப்படுகிறார்களா என்பவை எல்லாம் அதில் கணக்காகின்றன. 2022-லிருந்து நட்சத்திர மதிப்பீடும் வருகிறது. அது குடும்பத்தினர் நிரப்பும் கருத்துப் படிவத்தை வைத்துப் போடப்படுவது. சிறிய நிறுவனங்களுக்குப் போதுமான படிவங்கள் வராததால் நட்சத்திரமே இருக்காது. அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

அரசு சோதனை செய்வதில்லையா என்று கேட்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனை உண்டு. ஆனால் மத்திய சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 முதல் 2016 வரை சோதிக்கப்பட்ட ஹாஸ்பிஸ்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒரு குறையாவது இருந்தது. சான்றிதழ் இருக்கிறது என்பதோடு நாம் விட்டுவிட முடியாது.

வலியும் மொழியும்

நம் பெரியவர்களிடம் "வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். "பரவாயில்லைம்மா" என்பார்கள். நர்ஸ் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். எரிகிறது, குடைகிறது, பிசைகிறது, சுளீரென்று இழுக்கிறது என்று தமிழில் நாம் சொல்வதெல்லாம் வெறும் வர்ணனை அல்ல. எரிச்சலும் சுளீரென்ற இழுப்பும் நரம்பு வலியின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. நல்ல ஹாஸ்பிஸ் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முயலும். முகச் சுளிப்பு, முனகல், தூக்கம் இவற்றைப் பார்த்தும் வலியைக் கணக்கிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வீர்களா என்று கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்கிற நிறுவனம் வேண்டாம்.

மார்ஃபின் என்றதும் நம் வீடுகளில் ஒரு நடுக்கம். "போதை மருந்தாயிற்றே, சீக்கிரம் முடித்துவிடுமே" என்று சென்னையிலிருந்து பெரியப்பா போனில் சொல்வார். முறையான அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்து, உயிரைப் பறிக்கும் மருந்து அல்ல. இங்கேயும் நர்ஸின் தரம் தெரியும். உட்கார்ந்து, பெரியப்பாவையும் போனில் வைத்துக்கொண்டு, பொறுமையாக விளக்குகிறாரா? மார்ஃபின் தொடங்கும்போதே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுத ஏற்பாடு செய்கிறாரா? இரண்டாவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் மெடிகேரின் தர அளவுகோல்களிலேயே இடம்பெற்ற விஷயம் அது. மலச்சிக்கலால் படுகிற பாடு சில சமயம் நோயின் பாட்டைவிடப் பெரிது.

வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால்?

மெடிகேர் ஹாஸ்பிஸில் நான்கு நிலைகள் உண்டு. வழக்கமான வீட்டுப் பராமரிப்பு போக, நெருக்கடி வந்தால் வீட்டிலேயே ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாத தொடர் கவனிப்பு, வலியோ திணறலோ வீட்டில் அடங்காதபோது உள்நோயாளிப் பராமரிப்பு, கவனித்துக்கொள்கிறவர் ஓய்வெடுக்க 5 நாட்கள் வரை வேறிடத்தில் தங்கவைத்தல். நான்கையும் தர வேண்டியது கடமை. "உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் சேர்ப்பீர்கள்? சென்ற ஆண்டு எத்தனை பேருக்குத் தொடர் கவனிப்பு தந்தீர்கள்?" என்று கேளுங்கள். இடத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள். எந்தெந்த மருந்தும் சேவையும் தங்கள் பொறுப்பில் வராது என்ற பட்டியலை எழுத்தில் கேட்கும் உரிமை 2020 அக்டோபரிலிருந்து நமக்கு இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

நம் உணவு, நம் வழக்கங்கள் பற்றியும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்ற வேண்டும், விளக்கேற்ற வேண்டும், ஜெபம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவரவர் வீட்டு முறை. ஆக்சிஜன் இருக்கும் அறையில் விளக்கேற்றவே கூடாது. பக்கத்து அறையில் ஏற்றலாம் என்று யோசித்துச் சொல்கிற நர்ஸ் நல்ல நர்ஸ். உயிர் பிரிந்த பின் 911-ஐ அழைக்காமல் ஹாஸ்பிஸை அழைக்க வேண்டும். பல மாநிலங்களில் நர்ஸே வந்து மரணத்தை உறுதி செய்வார். உடனே உடலை எடுத்துச் செல்லச் சொல்லி அவசரப்படுத்துவார்களா, உறவினர் வந்து சேரச் சில மணி நேரம் விடுவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறைவுக்குப் பிறகும் ஓராண்டு வரை குடும்பத்துக்கு ஆறுதல் ஆலோசனை தர வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய நம் தலை திவசம் வரை!

ஒரு முக்கிய எச்சரிக்கை. இலவச மளிகை, இலவச சக்கர நாற்காலி என்று சொல்லி, நோய் முற்றாத முதியவர்களின் மெடிகேர் எண்ணை வாங்கி ஹாஸ்பிஸில் சேர்த்துவிடும் மோசடிகள் நடந்திருக்கின்றன. கலிபோர்னியாவில் இது முற்றிப்போய், 2022 ஜனவரி முதல் புதிய ஹாஸ்பிஸ் உரிமங்களையே நிறுத்திவைத்தார்கள். 2023-ல் மெடிகேர் நிர்வாகம் கலிபோர்னியா, டெக்சாஸ், அரிசோனா, நெவாடா மாநிலங்களில் புதிய ஹாஸ்பிஸ்களைக் கூடுதல் கண்காணிப்பில் வைத்தது. ஹாஸ்பிஸில் சேர்ந்துவிட்டால் அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. தனியாக வீட்டில் இருக்கும் அம்மா, வாசலுக்கு வந்தவரிடம் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், தேவையான நாளில் சிகிச்சை மறுக்கப்படும். மெடிகேர் எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

தேர்ந்தெடுத்தது சரியில்லை என்று பட்டால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஒரு முறை வேறு ஹாஸ்பிஸுக்கு மாறலாம். ஹாஸ்பிஸே வேண்டாமென்று எந்த நாளிலும் எழுதிக் கொடுத்து விலகலாம். குறைகளை 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் தெரிவிக்கலாம்.

இறுதியாக, மறைவுக்குச் சில மாதங்களுக்குப் பின் மேலே சொன்ன கருத்துப் படிவம் உங்கள் வீட்டுக்கு வரலாம். துக்கத்தில் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்தப் படிவம் தமிழில் வருவதில்லை. ஆங்கிலத்தில் வருவதை நாமும் நிரப்பாமல் விட்டால், அந்த நட்சத்திரங்களில் நம் வீட்டு அனுபவம் ஒன்றுகூட இருக்காது. பிள்ளைகளில் ஒருவராவது உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவையுங்கள். உங்கள் பகுதி ஹாஸ்பிஸ்கள் பற்றிய நல்லது கெட்டது எதுவானாலும் எங்கள் குழுவிடமும் சொல்லுங்கள். அடுத்து கேட்டு வரும் குடும்பத்துக்குச் சொல்ல எங்களிடம் ஏதாவது இருக்கும்.